துடக்கு வீட்டுக்கு ஒரு தவணை

சட்டத்தரணிகள் அறையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தவணை அக்கா. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். கேட்டும் கேளாத மாதிரி இருப்பேன். உண்மையில் எனக்கு அந்தப் பெயரில் கோபமே இல்லை. கொஞ்சம் எடுப்புக்கூட உண்டு.

நீதிமன்றப் பக்கம் போகாத அதிர்ஷ்டசாலிகளுக்காகச் சொல்கிறேன். காணி வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு தரப்பு இடையில் நகர்த்தல் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். வழக்கு முடியும்வரை அந்த மதிலைக் கட்டவிடாதீர்கள், இந்தப் பாதையை மூடுங்கள் என்று நீதிமன்றத்திடம் கேட்கும் கடதாசி அது. மற்றத் தரப்பு குறித்த திகதியில் தன் ஆட்சேபனையை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கேட்டவர் கேட்டதைக் கொண்டு போய்விடுவார். வைக்க முடியவில்லையென்றால் யாராவது எழும்பி நின்று, இன்னும் கொஞ்சக் காலம் தாருங்கள் என்று தவணை கேட்க வேண்டும். அன்றைக்கென்று பார்த்து உரிய சட்டத்தரணி யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வேறொரு வழக்கில் நிற்பார். அவருக்காக எழும்புகிற ஆள் நான்.

ஏன் நான்? ஒன்று, என் வீடு நீதிமன்றத்துக்குக் கிட்ட. மற்றது, நான் பொய் சொல்லித் தவணை கேட்பதில்லை. இது நீதிபதிகளுக்குத் தெரியும். மாறிப் போகிறவர் வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போவாரோ என்னவோ, புதிதாக வருகிறவருக்கும் கெதியில் தெரிந்துவிடும். காய்ச்சல், வயிற்றோட்டம், வழியில் வாகனம் பழுது, பெரியப்பா மோசம் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் தவணைக்காகச் சாகடிக்கப்பட்ட பெரியப்பாமாரை எரிப்பதென்றால் ஒரு சுடலை போதாது. நான் எழும்பினால் காரணம் உண்மையாக இருக்கும். காரணம் இல்லையென்றால், காரணம் இல்லை, ஆயத்தமில்லை, மன்னிக்க வேண்டும் என்றே சொல்வேன். அதற்கும் சில நாள் தவணை கிடைத்திருக்கிறது.

என் அப்பா பருத்தித்துறையில் தொழிலுக்குப் போனவர். கடல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் தெருவில் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள் நான். அப்பா ஒருநாள் நீதிமன்றத்துக்கு வந்து பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“உதுக்கோ பிள்ளை நீ கொழும்பு மட்டும் போய்ப் படிச்சனீ? எழும்பினாய், தவணை கேட்டாய், இருந்திட்டாய்.”

“உதுக்கு என்ன குறை?” என்றேன்.

“குறையெண்டு ஆர் சொன்னது? வடிவாத்தான் கேட்டனீ. பக்கத்திலை இருந்தவனுக்கு என்ரை மோள் எண்டு சொல்லிப் போட்டன்.”

அப்பா அப்படித்தான். முதலில் ஒரு குட்டு, பிறகு ஒரு தடவல்.

இப்போது சொல்லவந்த கதைக்கு வருகிறேன். சோளகக் காற்றுத் தொடங்கி ஒழுங்கையெல்லாம் மண் பறந்துகொண்டிருந்த காலம். சக சட்டத்தரணி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எனக்கு இளையவர், கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

“அக்கா, நாளைக்கு ஒரு கிணத்து வழக்கு. நான் யாழ்ப்பாணத்திலை வேறை வழக்கு விளக்கத்திலை நிக்கிறன். வழக்காளியின்ரை நகர்த்தல் பத்திரத்துக்கு ஆட்சேபனை வைக்க வேணும். எங்கடை அம்மா இன்னும் சத்தியக்கடதாசியிலை கையெழுத்து வைக்கேல்லை. தவணை எடுத்துத் தாங்கோ.”

“போன முறை என்ன சொன்னவர் நீதிபதி?”

“கடைசித் தவணை எண்டவர்.” கொஞ்சம் தயங்கினார். “எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி விடுங்கோவன்.”

“உமக்குக் காய்ச்சலோ?”

“இல்லை அக்கா, ஒரு கதைக்கு.”

“உம்மடை கதைக்கு வேறை ஆளைப் பாரும். என்ரை வாயாலை உமக்குக் காய்ச்சல் வராது,” என்று போனை வைத்துவிட்டேன். அவர் உடனே திரும்ப எடுத்தார். எடுப்பார் என்று தெரியும். உண்மைக் காரணத்தை அப்போதுதான் சொன்னார்: அந்த அம்மாவின் கணவர் இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு அன்றைக்குத்தான் முடிந்திருந்தது.

“அட, இதை முதலே சொல்ல உமக்கென்ன வாயிலை கொழுக்கட்டையோ?” என்று பேசிப்போட்டு, பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். யாருக்காகக் கேட்கிறேனோ அவரின் முகத்தைப் பார்க்காமல் நான் கேட்பதில்லை. இதுவும் என் பழக்கம். இதற்கும் சிரிப்பார்கள்.

கடற்கரை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் வீடு. முற்றத்தில் பந்தல் இன்னும் கழற்றவில்லை. பெண்கள் சிலர் குடமும் வாளியுமாகப் பக்கத்து வேலியில் இருந்த சின்னப் படலைக்குள்ளால் போய்ப் போய் வந்தார்கள். களவெடுக்கிறவர்கள் மாதிரிக் குனிந்து, சத்தம் போடாமல், ஓட்டமும் நடையுமாக. அந்தப் படலைக்கு அங்கால்தான் வழக்குக்குரிய கிணறு.

கதை இதுதான். அந்த அம்மா இருந்த வளவு அவருக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வளவு அவருடைய கணவரின் தம்பிக்குச் சொந்தம். கிணறு தம்பியின் வளவுக்குள். ஆனால் அது பங்குக் கிணறு. கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் அம்மாவின் காணி உறுதியில் எழுதியே இருக்கிறது. அம்மாவின் சொந்த வளவிலும் ஒரு கிணறு உண்டு. அது உவர், கால் கழுவத்தான் உதவும். குழாய்த் தண்ணீர் அந்த ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. இருபது வீட்டுக்காரருக்குத் தெரிய அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் அள்ளிக் குடித்தார்கள். பிறகு அண்ணன் அந்தக் கிணற்றில் மோட்டர் பூட்டினார். மோட்டர் போட்டு இறைத்தால் நல்ல தண்ணீரும் உவராகிப் போகும் என்று தம்பி சொன்னார். நீ எனக்குப் புத்தி சொல்ல வாறியோ என்று அண்ணன் கேட்டார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு வழக்குக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. தம்பி வழக்குப் போட்டார். வளவு அம்மாவின் பெயரில் என்றபடியால் எதிராளி அம்மாதான். இரண்டு வீடும் நன்மை தின்மைக்குப் போவதை விட்டன. இப்போது, வழக்கு முடியும்வரை அந்தப் படலையைப் பூட்டுவதற்கு உத்தரவு கேட்டுத் தம்பி நகர்த்தல் பத்திரமும் வைத்திருந்தார்.

அம்மா உள்ளே, நிலத்தில் பாய் விரித்து இருந்தார். அழுது முடித்த முகம். நான் யார் என்று சொன்னேன். சத்தியக்கடதாசியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

“அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வைச்சால் போதும். சமாதான நீதவானை நான் வீட்டுக்கே கூட்டியாறன். நீங்கள் வெளியிலை வரத் தேவையில்லை.”

“இது என்ன கடதாசி பிள்ளை?”

“சொல்லுறதெல்லாம் உண்மை எண்டு சத்தியம் பண்ணுறது.”

அவர் கடதாசியைத் தொடவேயில்லை. “துடக்கு வீட்டிலை சத்தியமோ? சாமிப் படத்தை எல்லாம் திருப்பி வைச்சிருக்கிறன். விளக்குக் கொளுத்தேல்லை. ஆரைச் சாட்சி வைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுறாய்?”

“சட்டத்திலை சாமி பேர் சொல்லத் தேவையில்லை அம்மா. உறுதியாச் சொல்லுறன் எண்டாலே காணும்.”

“சாமி பேர் இல்லாட்டி அது சத்தியமில்லை, சும்மா கதை. சும்மா கதையிலை நான் கையெழுத்து வைக்க மாட்டன். அந்தியேட்டி முடியட்டும். முடிஞ்ச பிறகு தோய்ஞ்சு விளக்குக் கொளுத்திப்போட்டு வைக்கிறன்.”

அந்தியேட்டி முப்பத்தொராம் நாள். கீரிமலையில் சாம்பலைக் கரைத்து, வீட்டுக்கு வந்து கிரியை முடித்த பிறகுதான் துடக்கு என்கிற சாவுத்தீட்டுக் கழியும். அதுவரை அவருக்குக் கோயில் இல்லை, விளக்கு இல்லை, சத்தியமும் இல்லை.

கூட வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருவர் மெல்ல, “டொக்டரிட்டை ஒரு துண்டு எடுத்து, சுகமில்லை எண்டு குடுத்தால் என்ன?” என்றார்.

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் எனக்கே குளிர்ந்தது. “எனக்கென்ன சுகமில்லை? குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். செத்தது அவர். அதைச் சொல்லித் தவணை கேக்க ஏலுமெண்டால் கேக்கட்டும். ஏலாட்டி விடட்டும்.”

பொய் சொல்ல மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிற பெண்கள் இந்தக் குடாநாட்டில் நான் ஒருத்திதான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு சோடி கிடைத்தது.

“விட்டால் படலையைப் பூட்டிப்போடுவினம் அம்மா,” என்றேன். “உங்களுக்கு விளங்குதோ?”

அப்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. “விளங்குது. முப்பத்தொண்டுக்கு ஊர்ச்சனம் முழுக்க வரும். மகள் வெளிநாட்டிலை இருந்து பிள்ளையளோடை வந்து நிக்கிறாள். படலையைப் பூட்டினால் எந்தத் தண்ணியிலை உலை வைப்பன்? அவருக்குப் படைக்கிறதை உவர்த் தண்ணியிலையோ சமைக்கிறது?” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “எண்டாலும் துடக்கோடை சத்தியம் பண்ண மாட்டன் பிள்ளை. கேட்டுப் பார்.”

செத்தவீட்டில் போய் வருகிறேன், போட்டு வாறன் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். நான் பேசாமல் எழும்பி வந்தேன். வீட்டில் தலைமுழுகும்போது, ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் தலையில் ஊற்றுவதற்கு முதல் ஒருக்கால் பார்த்தேன்.

மறுநாள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எழும்பினேன். எதிராளியின் கணவர் காலமாகிவிட்டார், வீடு துடக்கில் இருக்கிறது, துடக்குக் கழியும்வரை அவர் சத்தியம் செய்ய மறுக்கிறார், அந்தியேட்டிக்குப் பின் ஒரு திகதி வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

தம்பியின் சட்டத்தரணி எழும்பினார். பழுத்த ஆள், குரலும் மேசையும் அதிரப் பேசுகிறவர். “கனம் நீதிபதி அவர்களே, போன தவணையே கடைசித் தவணை என்று பதிவாகியிருக்கிறது. குடியியல் நடவடிக்கைக் கோவையைக் கரைத்துக் குடித்த அக்காவிடம் ஒன்று கேட்கிறேன். துடக்கு அதில் எத்தனையாம் பிரிவு?”

மன்றில் சிரிப்பு. கோவையைக் கரைத்துக் குடித்தவள் நான் இல்லை, ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. அவர் விடவில்லை. “என்னுடைய கட்சிக்காரர் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. ஆயத்தமாக வந்து இருக்கிறார். இன்றைக்கே உத்தரவு வேண்டும்.” சொல்லிக்கொண்டே பின்னுக்குக் கையைக் காட்டினார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அதுவரை அந்தத் தம்பியை நான் கவனிக்கவில்லை. கப்பலில் வேலை செய்து வந்தவர். எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. காலையில் முகம் வழிக்காமல், சேட்டுக்குக் கஞ்சிபோட்டு மினுக்காமல் படலை தாண்ட மாட்டார். கப்பல் துரை என்று பகிடியாகச் சொல்வார்கள். அன்றைக்கு அவருடைய முகத்தில் நரைத்த தாடி. அண்ணன் செத்த நாளிலிருந்து கத்தி படாத தாடி. செத்தவீட்டுப் பக்கம் தலைகாட்டாத மனிதர், தன் வீட்டுக்குள் இருந்து தனியே துடக்குக் காத்து வந்திருக்கிறார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அண்ணனுக்காகத் தாடி வளர்த்துக்கொண்டே அண்ணன் வீட்டுப் படலையைப் பூட்ட வந்திருக்கிறார் என்று அவரை மன்றில் வைத்து வெட்கப்படுத்தலாம். வாய் அதற்குத் துடித்ததும் உண்மை. அந்தப் பழுத்த சட்டத்தரணியின் சிரிப்புக்கு நல்ல பதிலாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தாடியைப் பார்த்தபிறகு மனம் வரவில்லை.

“கனம் நீதிபதி அவர்களே,” என்றேன், “துடக்கு எத்தனையாம் பிரிவு என்று எனக்குத் தெரியாது. கோவையில் அது இல்லை. ஆனால் என் நண்பரின் கட்சிக்காரர் இறந்தவரின் கூடப்பிறந்த தம்பி. கோவையில் இல்லாதது அவருடைய முகத்தில் இருக்கிறது. நான் கேட்கிற தவணை அந்த அம்மாவுக்கு மட்டும் இல்லை, அவருக்கும் சேர்த்துத்தான். அவர் இன்றைக்கு ஆயத்தமா என்று அவரிடமே கேட்கும்படி பணிவாக வேண்டுகிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை முன்னுக்கு வரச் சொன்னார்.

வந்தார். சாட்சிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இறந்தவர் உங்களுடைய அண்ணனா?”

“ஓம் ஐயா. என்ரை அண்ணை.”

“இன்றைக்கு உத்தரவு வேண்டுமென்று கேட்கிறீர்களா?”

அவருடைய சட்டத்தரணி எழும்ப, நீதிபதி கையால் இருத்தினார்.

“ஐயா,” என்றார் தம்பி. “வழக்கு எண்டபடியால் நான் அண்ணையின்ரை செத்தவீட்டுக்குப் போகேல்லை. வேலிக்கு இஞ்சாலை நிண்டு பறைச் சத்தம் கேட்டுக்கொண்டு நிண்டனான். கொள்ளி வைச்சது அண்ணையின்ரை மருமோன். நான் உயிரோடை இருக்க, மருமோன் வைச்சவன்.” தாடியைக் கையால் ஒருக்கால் தடவினார். “எனக்கும் துடக்குத்தான் ஐயா. எனக்கும் தவணை தாங்கோ.”

நான் எத்தனையோ தடவை தவணை கேட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பும் சேர்ந்து கேட்ட தவணை அதுதான். நீதிபதி அந்தியேட்டிக்குப் பின் ஒரு திகதியைக் குறித்தார். அதுவரை படலை இப்போது உள்ளபடியே இருக்க வேண்டும் என்றும் பதிந்தார். பழுத்த சட்டத்தரணி கோவையை மூடிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய விசயம்.

படியிறங்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் மறைப்பான்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இறங்கினேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒருவரையும் நோகடிக்கவில்லை, ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு யாராவது என் முகத்துக்கு நேரே தவணை அக்கா என்று கூப்பிட்டிருந்தால் ஓம் என்று திரும்பியிருப்பேன். பின்னேரம் அப்பாவுக்குச் சொன்னபோது, “உதுக்கு அப்பவே சொன்னனான், வடிவாக் கேக்கிறாய் எண்டு,” என்று முழுப் பெருமையையும் தன் கணக்கில் போட்டுக்கொண்டார்.

அந்தியேட்டி முடிந்தபின், திகதிக்கு முதல்நாள் சத்தியக்கடதாசியோடும் சமாதான நீதவானோடும் திரும்ப அந்த வீட்டுக்குப் போனேன். உரிய சட்டத்தரணியே போயிருக்கலாம், போகிறேன் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. பந்தல் போயிருந்தது. சாமிப் படங்கள் முகம் திருப்பி முன்னுக்குப் பார்த்தன. அம்மா தோய்ந்து, ஈரத் தலையோடு விளக்கைக் கொளுத்திவிட்டு வந்து, சத்தியக்கடதாசியை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு விளக்கைப் பார்த்து ஒருக்கால் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

“கிரியை எல்லாம் நல்லபடி நடந்ததோ அம்மா?”

“நடந்தது.” பேனையை மூடி என் கையில் தந்தார். “விடிய எழும்பிப் பார்க்கிறன், குசினி வாசலிலை நிறைகுடங்கள் வரிசையா இருக்கு. ஆர் வைச்சதெண்டு தெரியேல்லை. வெளியிலை வந்து பார்த்தால் கொழுந்தன் ரண்டு கையிலையும் வாளியோடை படலைக்குள்ளாலை வாறார். என்னைக் கண்டதும் நிண்டிட்டார். நான் ஒண்டும் கதைக்கேல்லை. அவரும் கதைக்கேல்லை. அண்டைக்கு இந்த வீட்டிலை புழங்கின தண்ணி முழுக்க அவர் அள்ளினதுதான். கீரிமலைக்கும் வந்தவர். சாம்பலை அவரின்ரை கையிலைதான் குடுத்தனான்.”

கதையை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன். “அப்ப வழக்கு?”

“வழக்கு அது பாட்டிலை நடக்கட்டும். மோட்டர் சண்டை இன்னும் தீரேல்லை, அவர் லேசிலை விட மாட்டார். நானும் விட மாட்டன்.” பிறகு, வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆனால் பிள்ளை, தமையனுக்குத் தண்ணி சுமந்துகொண்டு வந்த படலையை இனி அந்த மனிசன் என்னெண்டு பூட்டுவார்?”

மறுநாள் நாங்கள் ஆட்சேபனையை வைக்க முதலே தம்பியின் சட்டத்தரணி எழும்பி, அந்த நகர்த்தல் பத்திரத்தை மீளப் பெறுவதாகச் சொன்னார். அம்மா விளக்கு வைத்துச் செய்த சத்தியம் இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது.

கையெழுத்து வாங்கிய அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது பழக்கதோசத்தில் பேசாமல்தான் எழும்பினேன். ஒழுங்கைப் படலை வரை வந்தபிறகு, துடக்குக் கழிந்துவிட்டது என்பது ஞாபகம் வந்தது. திரும்பி நின்று, வாய் நிறைய, “போட்டு வாறன் அம்மா,” என்றேன்.

“ஓம் பிள்ளை, போட்டு வா,” என்றார்.